கோட்டை ஆண்டவரும் ஓட்டுப் போடுவோரும்

செஞ்சி வட்டாரத்திலே தளவானூர் என்றொரு சிற்றூர். அவ்வூர்க் குன்றிலே, பாறையைக் குடைந்தெடுத்த கோயில் ஒன்று இருக்கிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஆக்குவித்தது. சத்துருமல்லன் என்பது அம்மன்னன் சூடிக்கொண்ட பட்டப் பெயர்களிலே ஒன்று. அந்தப் பட்டத்தின் பெயராலேயே சத்துருமல்லேசுவராலயம் என்று கோயில் வழங்கப்பட்டது. கல்லிலே மன்னன் பெயர் இருக்கிறது. மன்னனின் பெருமை இருக்கிறது. வெண்பேடு என்று ஊரின் பழம்பெயரும் இருக்கிறது. ஆனால், உளி பிடித்த கை எவருடையது? உடைத்த கல்லை வாரிச் சுமந்த தலை எவருடையது? அந்த வேலையாட்களுக்குச் சோறாக விளைந்த நெல்லை எவர் விளைவித்தார்? கல் வாய் திறப்பதில்லை. ஆண்டவன் பெயரை எழுத அத்தனை பெரிய பாறை. அடங்கிக் கிடந்தவன் பெயரை எழுத ஓர் ஓலை நறுக்கும் இல்லை!

ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் இந்த நிலை. பிறகு ஒரு நாள், அச்சடித்த தாளிலே, அந்த வட்டாரத்து மக்கள் அத்தனை பேர் பெயரும் வரிசையாக வந்தன. பண்ணையார் பெயர் வந்தது. அவர் பண்ணையிலே பரம்படித்தவன் பெயரும் வந்தது. ஊர்த் தெருவிலே இருப்பவன் பெயர் வந்தது. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட சேரியிலே இருப்பவன் பெயரும் வந்தது. ஆண் பெயர் வந்தது. பெண் பெயரும் வந்தது. மேலே இன்னார், கீழே இன்னார் என்றில்லாமல், எண் போட்டு வந்தது. அந்தத் தாளுக்கு வாக்காளர் பட்டியல் என்று பெயர். நம் நாட்டு வரலாற்றிலே, சிற்றூரான் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்த முதல் ஏடு அதுதான் என்று சொன்னால் தவறில்லை. கோயில் அழைத்ததில்லை. கோட்டை அழைத்ததில்லை. ஓட்டுப் பெட்டி அழைத்தது.

அந்த அழைப்பு எப்படி வந்தது, வந்த பிறகு சிற்றூரார் அதற்கு எப்படி விடையளித்தனர், அந்த விடைக்கு இன்று என்ன இடையூறு என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடவோலை: பெருமையும் உண்மையும்

ஓட்டுரிமை என்று பேச்செடுத்தால் போதும். உடனே உத்தரமேரூர் என்பார் உண்டு. பராந்தக சோழன் காலத்திலே, கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊர்ச் சபைக்கு வாரியப் பெருமக்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையிலே எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலைகளைப் பகிர்ந்தனர். கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை இடமில்லை. அவனுடைய உறவினருக்கும் இடமில்லை. இந்த விதிகளிலே உள்ள நேர்மையை நாம் மறுக்கவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனைப் பதவியிலிருந்து தள்ளி வைத்த அந்தக் கண்டிப்பு, இன்றைய மன்றங்கள் பலவற்றுக்குப் பாடமாகக் கூடியதே.

ஆனால், குடத்திலே விழுந்த ஓலை எவர் ஓலை? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையிலே வீடு கட்டியிருக்க வேண்டும். அகவை 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தணர்க்கென அமைந்த ஊர். அந்த நிலத்தை உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. உழுதவன் மனைவிக்கோ கேட்கவே வேண்டாம். மேலும், அது வாக்கு அன்று, திருவுளச் சீட்டு. எவரும் எவரையும் விரும்பித் தேர்ந்ததில்லை. தகுதி பெற்ற சிலருள் எவர் என்பதைக் குடம் சொன்னது, அவ்வளவே. எனவே, 'அன்றே நம்மிடம் குடியாட்சி இருந்தது' என்று மார்தட்டுவோரிடம் நாம் பணிவாகக் கேட்கலாம்: ஆட்சி இருந்தது, ஐயா, குடி எங்கே இருந்தது?

கொடி மாறியது, கூழ் மாறவில்லை

உத்தரமேரூரை விட்டுச் செஞ்சிக்கு வருவோம். மூன்று குன்றுகளை இணைத்து எழுந்த மாபெரும் கோட்டை. நாயக்கர் ஆண்டனர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலே பீசப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாசி கைப்பற்றினார். 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டான். முற்றுகை ஆண்டுக் கணக்கிலே நீண்டு 1698இல்தான் கோட்டை விழுந்தது. 1714இல் தேசிங்கு மாண்டான். ஆர்க்காட்டு நவாபின் கொடி ஏறியது. 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியரின் போர் அரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக, உலக மரபுச் சின்னப் பட்டியலிலே செஞ்சிக் கோட்டை இடம் பெற்றது. மகிழ்ச்சியே. கல்லின் பெருமையைக் காப்பது கடமையே.

எனினும் எண்ணிப் பாருங்கள். நூறாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்திலே இத்தனை கொடிகள் ஏறின, இறங்கின. ஒரு கொடியையேனும் ஏற்றுமுன், கோட்டைக்குக் கீழே கம்பும் கேழ்வரகும் விதைத்துக் கொண்டிருந்தவனைக் கேட்டதுண்டா? முற்றுகை நீண்டபோது எவன் வயல் அழிந்தது? படை பசித்தபோது எவன் குதிர் காலியாயிற்று? கோட்டையிலே கொடி மாறியது. குடிசையிலே கூழ் மாறவில்லை. ஆள்பவன் யார் என்பது அடைமழை போல, கோடை வெயில் போல, மேலேயிருந்து வருவது. நாம் குனிந்து கொள்ள வேண்டியது என்ற எண்ணம் சிற்றூரான் நெஞ்சிலே ஊறிப்போனது இப்படித்தான். 'இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன' என்ற பழமொழி சோம்பலிலே பிறந்ததன்று. கேட்பாரற்ற பட்டறிவிலே பிறந்தது.

நிலவரி கட்டியவனுக்கே நீதி

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 98. நீதிக்கட்சி 63 இடங்களைப் பெற்று ஆட்சியேறியது. காங்கிரசு அத்தேர்தலைப் புறக்கணித்தது. நான்கு கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்திலே, ஓட்டுரிமை பெற்றிருந்தவர் ஏறத்தாழ 12½ இலட்சம் பேர். வந்து ஓட்டளித்தவரோ, அவர்களிலும் நால்வரில் ஒருவர். சொத்து இருந்தால் ஓட்டு. வரி கட்டினால் ஓட்டு. குத்தகைக்காரனும், பண்ணையாளும், தோட்டியும், வண்ணானும், நாவிதனும் ஊரிலே இருந்தார்கள், பட்டியலிலே இல்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் சார்பிலே எம்.சி. இராசா அவர்கள் மன்றம் புகுந்ததும் நியமனத்தால்தான். அவருடைய மக்களிலே ஓட்டுப் போடும் தகுதி படைத்தோர் அவ்வளவு அருகியிருந்தனர்.

அந்தக் குறுகிய வாயிலையும் சற்று அகலத் திறந்தவர்கள் உண்டு. 1921இல், பெண்களுக்கு ஓட்டுரிமை அளிக்கும் தீர்மானம் சென்னை மன்றத்திலே நிறைவேறியது. சொத்துத் தகுதி அவர்களுக்கும் இருந்தது என்பது உண்மையே. எனினும், பெண் என்பதற்காகவே தள்ளி வைப்பது ஒழிந்தது. பல மேலை நாடுகளே தயங்கிக் கொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சு நாட்டுப் பெண்கள் ஓட்டளிக்க 1945 வரையிலே காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்தத் தீர்மானத்தின் அருமை விளங்கும்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் வாயிலை இன்னும் அகலமாக்கியது. அப்போதும் மக்களிலே ஏழில் ஒருவர் அளவுக்கே ஓட்டு. 1937 தேர்தலிலே, கட்சிக்கொரு நிறமாகப் பெட்டிகள் வைத்தனர். காங்கிரசின் மஞ்சள் பெட்டி ஊர்தோறும் பேச்சாயிற்று. 215 இடங்களிலே 159 இடங்களைக் காங்கிரசு பிடித்தது, நீதிக்கட்சி சரிந்தது. பூனா உடன்படிக்கையின்படி தாழ்த்தப்பட்டோர்க்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. சட்டத்தைப் படிக்கத் தெரியாதவனும் சாயத்தைப் பார்க்கத் தெரிந்தவன் என்ற எளிய உண்மை அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

எழுத்தறியாதவர் எழுதிய தீர்ப்பு

1950இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு, அதுவரை உலகிலே எந்த ஏழை நாடும் இவ்வளவு பெரிய அளவிலே துணிந்திராத ஒன்றைச் செய்தது. 21 அகவை நிறைந்த எவருக்கும் ஓட்டு. நிலம் வேண்டா. வரிச்சீட்டு வேண்டா. எழுத்தறிவும் வேண்டா. அண்ணல் அம்பேத்கர் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த கோரிக்கை அது. 1951ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டிலே எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. 'கைநாட்டுக் கூட்டத்துக்கு ஓட்டா?' என்று கற்றறிந்தோர் சிலர் கைகொட்டி நகைத்தனர்.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், ஏறத்தாழ 17 கோடிப் பேருக்குப் பட்டியல் எடுக்கும் பணியைத் தொடங்கினார். அப்போதுதான் ஒரு வேடிக்கை, இல்லை, ஒரு வேதனை வெளிப்பட்டது. வடநாட்டிலே பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதலாகாது என்று ஆணையர் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கொடுமையாகத் தோன்றும். ஆயினும், அடுத்த தேர்தலிலே பெண்கள் தம் பெயரைத் தாமே சொல்லிப் பதிந்தனர். தன் பெயரைத் தானே சொல்வது தன்மானத்தின் முதல் எழுத்து. அதைக் கற்பித்தது சாத்திரம் அன்று, வாக்காளர் பட்டியல்.

எழுத்தறியாதவனுக்குச் சின்னம் தந்தார்கள். வேட்பாளருக்கொரு பெட்டி, பெட்டி மேலே சின்னம். மறைவிடத்திலே அடுக்கி வைத்த பெட்டிகளுள் விரும்பிய பெட்டியிலே சீட்டை இட வேண்டும். 1952, 1957 தேர்தல்கள் இம்முறையிலே நடந்தன. ஒரே சீட்டிலே எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை 1962இல் பரவலாயிற்று. ஊர்ப் பள்ளிக்கூடத்திலே வரிசை நின்றது. அந்த வரிசையிலே பண்ணையாருக்குப் பின்னே பண்ணையாள் நின்றான்; சில வேளை பண்ணையாளுக்குப் பின்னே பண்ணையார் நிற்க நேர்ந்தது! தேநீர்க் கடையிலே தனிக் குவளை வைத்திருந்த ஊரிலும், ஓட்டுச் சாவடியிலே தனிப் பெட்டி வைக்க முடியவில்லை.

தென்னார்க்காடு காட்டிய வழி

1952இல் செஞ்சியும் தளவானூரும் தென்னார்க்காடு மாவட்டத்திலே இருந்தன. அத்தேர்தலிலே அந்த மாவட்டமும் வடார்க்காடும் நடத்திய நாடகம் நாடு முழுதும் பேசப்பட்டது. சென்னை மாநிலத்திலே 375 இடங்களுள் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. எசு.எசு. இராமசாமிப் படையாட்சியார் தலைமையிலே உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களைப் பிடித்தது. இரண்டும் வன்னிய மக்களின் ஆதரவிலே எழுந்தவை. அத்தேர்தலிலே போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகம், தன் கொள்கைக்கு மன்றத்திலே குரல் கொடுப்பதாக ஒப்பிய கட்சிகளுக்கு ஆதரவு தந்தது; இவ்விரு கட்சிகளும் அவ்வாதரவைப் பெற்றன. தந்தை பெரியாரோ காங்கிரசை எதிர்த்து நின்ற பொதுவுடைமையாளர் அணியை ஆதரித்தார்.

தேர்தல் முடிந்தது. பெரும்பான்மையற்ற காங்கிரசுக்கு ஆச்சாரியார் தலைமை ஏற்றார். காமன்வீல் கட்சித் தலைவர் அவரது அமைச்சரவையிலே அமர்ந்தார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் உழைப்பாளர் கட்சித் தலைவரும் அமைச்சரானார். கட்சிகள் காங்கிரசிலே கரைந்தன.

இதை இருவகையாகப் பார்க்கலாம். 'சாதி பார்த்து ஓட்டுப் போட்டார்கள். தலைவர்கள் விலை போனார்கள்' என்று ஒரே வரியிலே தீர்ப்பெழுதுவோர் உண்டு. அது பாதி உண்மை. மறுபாதி இது: அதுவரை சட்டமன்றம் என்பது மிட்டாதாரரும் வழக்குரைஞரும் கூடும் இடமாக இருந்தது. நிலத்திலே உழைத்த ஒரு பெருங்கூட்டம், 'எங்களுக்கும் அங்கே இடம் உண்டு' என்று முதன்முதலாக எண்ணிக்கையால் எழுந்து காட்டியது. எண்ணிக்கை ஓர் ஆற்றல் என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவனும் கண்டுகொண்டான். குறை எங்கே என்றால், எழுந்த கூட்டம் சாதியின் எல்லையிலே நின்றுவிட்டது. பக்கத்திலே சேரியிலே இருந்த உழைப்பாளியை உழைப்பாளியாகப் பார்க்கவில்லை. ஒரே வயலிலே நடவு நட்டவர்கள் இரு வேறு வரிசையிலே நின்றார்கள். அந்தப் பிளவு எவருக்கு ஆதாயமாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வட்டாரத்தின் கணக்கு அத்துடன் முடியவில்லை. 1987 செப்டம்பரிலே இட ஒதுக்கீடு கோரி வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியல் பெருங்கிளர்ச்சியாயிற்று. துப்பாக்கிச் சூட்டிலே பலர் மாண்டனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கென 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டிலே பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. 2011இல், தி.மு.க.வுடன் கூட்டணி சேர்ந்து நின்ற அக்கட்சியைச் செஞ்சித் தொகுதி தேர்ந்தெடுத்தது. 2016இல் அக்கட்சி தனித்து நின்றபோது தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. ஒரே சாதி, ஒரே சின்னம், ஒரே தீர்ப்பு என்று கணக்குப் போடுவோர், ஐந்தாண்டு இடைவெளியிலே வந்த இந்த மாற்றத்தை எந்தக் கட்டத்திலே எழுதுவார்கள்?

வரிசை நீண்ட கதை

1957இலே சென்னை மாநிலத்திலே ஓட்டளித்தோர் ஏறத்தாழப் பாதிப் பேர். 1962இல் நூற்றுக்கு எழுபது என்ற அளவை எட்டியது. 1967இலோ 76ஐத் தாண்டியது. பத்தாண்டிலே இத்தனை பெரிய பாய்ச்சல் எப்படி நேர்ந்தது?

சாலையும் பேருந்தும் ஊருக்குள் வந்தன. ஊருக்கொரு பள்ளி வந்தது; பள்ளியிலே பகலுணவு வந்தது. இவை ஆட்சியின் பணி. இன்னொரு பணி ஆட்சியின் துணையின்றி நடந்தது. ஓலைக் கொட்டகையிலே படிப்பகங்கள் எழுந்தன. ஒரு செய்தித்தாள், வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞன், சுற்றிலும் இருபது செவிகள். முடிதிருத்தும் நிலையத்திலே அரசியல். தேநீர்க் கடையிலே அரசியல். மிதிவண்டியிலே கொடி கட்டி ஊர் ஊராகச் சென்ற இளைஞர்கள். அரிக்கேன் விளக்கொளியிலே நள்ளிரவு வரையிலே நடந்த பொதுக்கூட்டங்கள். நாடக மேடையிலே பேசப்பட்ட வசனம் வரப்பிலே எதிரொலித்தது. கட்சியும் இரண்டு, மூன்றாகப் பேசியது: தி.மு.க. ஒன்று சொன்னது, காமராசரை ஆதரித்த பெரியார் வேறொன்று சொன்னார், பொதுவுடைமையாளர் மற்றொன்று சொன்னார். கேட்டவன் சிந்திக்க வேண்டியதாயிற்று. 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும், அரிசித் தட்டுப்பாடும், ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியும் 1967இல் சேர்ந்து வந்தபோது, சிற்றூரான் வேடிக்கை பார்க்கவில்லை; தீர்ப்பெழுதினான்.

பிறகும் அந்தப் பழக்கம் மறையவில்லை. 1989, 1991, 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டிலே ஆட்சி கைமாறியது. 2011இல் நூற்றுக்கு 78 பேர் ஓட்டளித்தனர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 தேர்தலிலே கரூர் மாவட்டம் நூற்றுக்கு 83ஐத் தாண்டியது; தலைநகராம் சென்னை மாவட்டமோ 59 என்ற அளவிலே நின்றது. பட்டம் பெற்றோர் மிகுந்த பட்டணத்திலே பத்துப் பேரில் நால்வர் வீட்டிலிருந்தனர்.

ஏன் இந்த வேறுபாடு? மாளிகை வாழ்வோனுக்கு அரசு ஒரு தொல்லை. குடிசை வாழ்வோனுக்கு அரசு ஒரு தேவை. அரிசி அரசினுடையது, மருத்துவமனை அரசினுடையது, பள்ளி அரசினுடையது, ஊரக வேலைத் திட்டம் அரசினுடையது. அத்துடன் மற்றொன்றும் உண்டு. ஆண்டு முழுதும் எவரும் மதிக்காத ஒருவன், அந்த ஒரு நாள் மட்டும் எவருக்கும் குறையாதவன். அந்த ஒரு நாளைத் தவறவிட அவன் மனம் இடந்தருவதில்லை.

வரிசைக்கு வராமலிருப்பதும் சில வேளை ஒரு பேச்சு. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது, பரந்தூர் வானூர்தி நிலையத் திட்டத்தை எதிர்த்த ஏகனாபுரம் மக்கள் ஓட்டுச் சாவடிப் பக்கம் போகவில்லை. அது சோம்பலா? நிலத்தை இழக்கவிருப்பவன் எழுப்பிய கூக்குரல் அது. எவருக்கும் ஓட்டில்லை என்று சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2013இல் வழங்கியது. எனவே, சதவீதத்தை மட்டும் பார்த்து ஊரை அளக்கலாகாது. வந்தவன் ஏன் வந்தான், வராதவன் ஏன் வரவில்லை என்று கேட்பதே வரலாறு.

ஊராட்சியிலே ஊறிய நஞ்சு

சட்டமன்றத் தேர்தலிலே தலை நிமிர்ந்த உரிமை, தன் ஊர் மன்றத்திலே தலை குனிந்த கதையும் உண்டு. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தத்தையடுத்து, 1994இலே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிகளிலே ஒரு பகுதி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. மேலவளவிலே என்ன நடந்தது? தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும், அவருடன் இருந்தோரும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம், ஓட்டுப் பெற்றது. பாப்பாப்பட்டியிலும், கீரிப்பட்டியிலும், நாட்டார்மங்கலத்திலும் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தலே நடக்கவில்லை, 2006இல்தான் நடந்தது. கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையிலே, ஊராட்சித் தலைவரான தாழ்த்தப்பட்ட பெண்மணி கூட்டத்திலே தரையிலே அமர்த்தப்பட்ட படத்தை 2020இல் நாடே கண்டது. மக்கள் ஓட்டால் கொடுத்த நாற்காலியைச் சாதி பறித்துக்கொண்டது!

இன்னொரு பக்கம் ஏலம். பதவியை ஊர்க் கூட்டத்திலே விலை கூறி, அதிகத் தொகை தருவோருக்கு விட்டுக் கொடுத்து, மற்றவரை மனுச் செய்யாமல் தடுக்கும் வழக்கம். கோயிலுக்குப் பணம் என்பார்கள். குளத்துக்குப் பணம் என்பார்கள். ஏலத்திலே எடுத்தவன் போட்ட முதலை எங்கே எடுப்பான் என்று எவரும் கேட்பதில்லை. மறுபக்கம் ஓட்டுக்குக் காசு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் ஊரறிந்தது. 2016இலே அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் தள்ளி வைக்கப்பட்டன. 2017இல் இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் பணப் புழக்கத்தால் நிறுத்தப்பட்டன. வாங்கியவனை மட்டும் வைவோரே, நில்லுங்கள்! பசித்தவன் கை நீட்டியதைக் கண்டோம். அவன் கையிலே திணித்தவன் பெட்டி எப்படி நிறைந்தது என்று கேட்டோமா? வாங்கினாலும் மாற்றிப் போடும் துணிவு நம் மக்களுக்கு உண்டு என்பதற்கு, பணம் கொட்டியும் தோற்றோர் பலர் சான்று. அந்தத் துணிவுக்கு அடிப்படை ஒன்றே ஒன்று: தன் ஓட்டு எவருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை.

மறைவு காக்கப்படுகிறதா?

இங்கேதான் இன்றைய இடையூறு இருக்கிறது. வாக்குச் சீட்டுக் காலத்திலே, பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும்படி ஆணையிடத் தேர்தல் விதிகளிலே இடம் செய்திருந்தார்கள். எந்த ஊர் எவருக்குப் போட்டது என்று தெரியாமல் காக்கவே அந்த ஏற்பாடு. மின்னணுப் பொறி வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலிலே தமிழ்நாடு முழுதும் வந்தது. எண்ணுவது எளிதாயிற்று. கள்ள ஓட்டுக் குத்துவது கடினமாயிற்று. ஆனால், ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு சாவடியின் கணக்கைத் தனித்தனியே ஒப்புவிக்கிறது. சாவடி வாரியாக அட்டவணை வெளியாகிறது.

பட்டணத்திலே இதனால் கேடில்லை. சிற்றூரிலே? சேரிக்கென்று ஒரு சாவடி. ஊருக்கென்று ஒரு சாவடி. சில நூறு ஓட்டுகள். எண்ணி முடித்த மறுநாளே, எந்தத் தெரு எவருக்குப் போட்டது என்று வெற்றி பெற்றவனுக்கும் தெரியும், தோற்றவனுக்கும் தெரியும். 'உங்கள் தெரு எனக்குப் போடவில்லை; உங்களுக்கு எதற்குக் குடிநீர்க் குழாய்?' என்று கேட்க ஒருவனுக்கு வாய் வருகிறது. தனி மனிதனின் ஓட்டு மறைவாக இருக்கிறது. தெருவின் ஓட்டு அம்பலமாகிறது. நூறு பேர் வாழும் தெருவுக்கு அதுவே போதுமான அச்சுறுத்தல்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பல பொறிகளின் கணக்கை ஒன்றாகக் கூட்டி, மொத்தத்தை மட்டும் காட்டும் கூட்டுப்பொறி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையிலே அதை ஆதரித்தது. எனினும், அது நடைமுறைக்கு வரவில்லை. 'எந்த ஊரிலே செல்வாக்குக் குறைவு என்று தெரிந்தால்தானே அங்கே உழைக்க முடியும்?' என்று கட்சிக்காரர் கேட்கலாம். கேள்வி இனிக்கிறது. ஆனால், ஊரின் மனத்தை அறிய வேண்டுமானால் ஊருக்குள் நடந்து செல், மக்களிடம் பேசு, குறை கேள். அதற்கு அட்டவணை எதற்கு? அட்டவணை இல்லாமல் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஊர் ஊராக நடந்தவர்கள்தாம் ஆட்சியையே மாற்றிக் காட்டினார்கள். உழைக்க விரும்புவோனுக்கு அட்டவணை தேவையில்லை; ஒறுக்க விரும்புவோனுக்கே அது தேவை.

வாயிலைத் திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. நிலவரி கட்டியவனிலிருந்து ஏழில் ஒருவனுக்கு; ஏழில் ஒருவனிலிருந்து எல்லாருக்கும்; 1989இல் 18 அகவையினர்க்கும் என்று படிப்படியாக அகன்றது அது. ஒவ்வொரு படியையும் எவரோ கேட்டார்கள், எவரோ மறுத்தார்கள், எவரோ போராடிப் பெற்றார்கள். தானாக வந்த உரிமை ஒன்றும் இல்லை. உள்ளே வந்தவன் அச்சமின்றித் திரும்பிச் செல்லும் வழியையும் நாமேதான் அமைத்தாக வேண்டும். ஓட்டுக்கு விலை பேசுவோனை வாயிலிலேயே திருப்பி அனுப்புவது, ஏலக் கூட்டத்திலே எழுந்து நின்று 'இது சட்டப்படி செல்லாது' என்று சொல்வது, ஒதுக்கப்பட்ட நாற்காலியிலே உரியவரை அமர்த்துவது, சிறு சாவடியின் கணக்கைப் பெருங்கணக்கிலே கலக்கச் சொல்லி வற்புறுத்துவது — இவை நான்கும் இன்றைய இளைஞர் முன்னுள்ள பணிகள். ஓட்டுச் சாவடி இருக்கும் ஊரெல்லாம் இப்பணிக்கு உரிய களமே. தளவானூரிலே தொடங்கலாம், உங்கள் ஊரிலும் தொடங்கலாம்.